கிளினிக்கல் இன்ஜினியரிங் மேற்படிப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும்: திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஒரு மருத்துவமனையின் பயோமெடிக்கல் துறையில் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் பயிற்சிக்குப் பசங்க வருவார்கள், சிலசமயம் அவர்களுடைய அப்பா அம்மாவும் போனில் வருவார்கள், கல்லூரியில் பேசக் கூப்பிட்டாலும் கடைசிப் பத்து நிமிஷத்தில் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்ஆப்பில் தட்டி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். அட்மிஷன் விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதற்கு அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கிளினிக்கல் இன்ஜினியர்னா யாரு சார்? பயோமெடிக்கல் இன்ஜினியரைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

பாதி சரி. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்பது பெரிய பரப்பு. செயற்கை மூட்டு செய்பவரும், ஈசிஜி சிக்னலுக்கு அல்காரிதம் எழுதுபவரும், கம்பெனியில் ஸ்கேன் மெஷின் வடிவமைப்பவரும் அதில் அடக்கம். அவர்களில் மருத்துவமனைக்குள்ளேயே இருந்து, எந்தக் கருவியை வாங்குவது, எங்கே பொருத்துவது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது, எப்போது சோதிப்பது, எப்போது கழித்துக்கட்டுவது என்று கருவியின் முழு ஆயுளையும் பார்த்துக்கொள்பவர்தான் கிளினிக்கல் இன்ஜினியர். நம் ஊரில் அடையாள அட்டையில் பெரும்பாலும் 'பயோமெடிக்கல் இன்ஜினியர்' என்றே இருக்கும். வார்டில் அதுவும் சுருங்கி, "பயோமெடிக்கலைக் கூப்பிடு" என்று ஆகிவிடும். சொந்தக்காரர்களிடம் சொன்னால் பயோமெடிக்கல் வேஸ்ட் எடுக்கிற வேலையா என்று கேட்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழில் தனியாகத் தலையெடுத்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்காவில் 1971-இல், நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நாடர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், ஆஸ்பத்திரிகளில் ஆண்டுக்கு 1,200 பேராவது மின்கசிவால் சாகிறார்கள் என்று எழுதினார். அந்த எண்ணிக்கைக்கு உறுதியான ஆதாரம் கடைசிவரை வரவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது, மருத்துவமனைகள் மின் பாதுகாப்பைச் சோதிக்க இன்ஜினியர்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கின. உள்ளே போனவர்களுக்குச் சோதிப்பதைவிடப் பெரிய வேலைகள் காத்திருந்தன.

2. மெஷின் ரிப்பேர் பண்றதுக்கு எதுக்கு எம்.டெக்? டிப்ளமோ போதாதா?

ரிப்பேருக்கு டிப்ளமோ தாராளமாகப் போதும். இருபது வருஷம் சால்டரிங் பிடித்த டெக்னீஷியன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எம்.டெக் படித்தவருக்குக் கை கூசும், எனக்கும் கூசியிருக்கிறது. மேற்படிப்பு தேவைப்படுவது வேறு மாதிரி கேள்விகளுக்கு.

ஒரு உதாரணம். மூக்கு வழியாக அதிக ஓட்டத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் கருவிகள் பத்து வாங்கலாம் என்று ஐசியு டாக்டர் கேட்கிறார். கருவி நல்ல கருவிதான், விலையும் படிகிறது. ஆனால் அது நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். பெரிய டி டைப் சிலிண்டரில் இருப்பது சுமார் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். முழு ஆக்சிஜனில் ஓடினால் ஒரு நோயாளிக்கு ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது. பத்துப் பேருக்கு? குழாய் தாங்குமா, சிலிண்டர்களை வரிசையாக இணைக்கும் மேனிஃபோல்டில் எத்தனை சிலிண்டர், திரவ ஆக்சிஜன் டேங்க் வேண்டுமா, ராத்திரி மூன்று மணிக்கு அழுத்தம் இறங்கினால் வென்டிலேட்டரில் இருப்பவர்கள் கதி என்ன? கருவி வாங்கும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டு டாக்டரிடமும் அக்கவுன்ட்ஸிடமும் ஒரே நாளில் பேச ஒருவர் வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

3. கிளினிக்கல் இன்ஜினியரிங்னு அந்தப் பேர்லயே எம்.டெக் நம்ம பக்கம் இருக்கா?

இருக்கிறது. சென்னை ஐஐடி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் எம்.டெக். இன்ஜினியரிங் பாடம் ஒரு இடம், கருவி உருவாகும் விதம் ஒரு இடம், பெரிய ஆஸ்பத்திரியின் அன்றாடம் ஒரு இடம் என்று மாணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். அலைச்சல்தான், ஆனால் படிப்பின் பலமே அந்த அலைச்சலில் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். அங்கே மருத்துவமனையும் கருவி ஆராய்ச்சிப் பிரிவும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. நம் நாட்டில் உருவான சித்ரா இதய வால்வு அங்கே பிறந்ததுதான், முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தியது 1990-இல். ஒரு பிளாஸ்டிக் தட்டு உலோகச் சட்டத்துக்குள் சாய்ந்து சாய்ந்து நிமிரும், அவ்வளவுதான் வால்வு. அந்த 'அவ்வளவுதான்' கைகூட எத்தனை வடிவங்கள் தோற்றன என்பதை அங்கே உள்ளவர்கள் வாயால் கேட்பது ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம்.

4. கேட் எழுதணுமா? நான் மெக்கானிக்கல், எனக்குக் கிடைக்குமா?

ஆமாம், கேட் வேண்டும், அதாவது இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு. 2020-லிருந்து பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கென்றே பிஎம் என்று தனி கேட் தாள் வந்துவிட்டது. அதற்கு முன்பு பயோமெடிக்கல் பசங்க எலக்ட்ரானிக்ஸ் தாளையோ இன்ஸ்ட்ருமென்டேஷன் தாளையோ எழுதி முட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படிப்புக்குப் பயோமெடிக்கல் மட்டும்தான் என்று இல்லை, வேறு பிரிவுகளுக்கும் வழி உண்டு. எந்தெந்தத் தாள் செல்லும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். மெக்கானிக்கல் படித்தவர்கள் வென்டிலேட்டர், மயக்க மருந்து மெஷின், டயாலிசிஸ் என்று அழுத்தமும் ஓட்டமும் இருக்கிற இடங்களில் சீக்கிரம் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டில் தேறி முழுநேர எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மெஸ் பில்லுக்கு ஆகும்.

5. அந்த எம்.டெக் கிடைக்கலைன்னா அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. இடங்கள் குறைவு, பெரும்பாலானவர்களுக்கு அது கிடைக்காது, எனக்குத் தெரிந்த நல்ல கிளினிக்கல் இன்ஜினியர்களில் பலர் அதைப் படிக்காதவர்கள். பயோமெடிக்கல் இன்ஜினியரிங், மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் என்ற பெயர்களில் தமிழ்நாட்டிலேயே முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. சேரும் முன்பு ஒன்றே ஒன்று விசாரியுங்கள். மாணவர்களை ஆஸ்பத்திரிக்குத் தொடர்ந்து எத்தனை மாதம் அனுப்புகிறார்கள்? 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று ஒருநாள் பஸ் வைத்துக் கூட்டிப்போய், சி.டி. ஸ்கேன் முன்னால் குரூப் போட்டோ எடுத்துத் திரும்புவதை நான் பயிற்சி என்று கணக்கில் சேர்க்க மாட்டேன். பாடத்திட்டத்தில் பயிற்சி இல்லையென்றால் படிப்பு முடிந்ததும் பெரிய மருத்துவமனை ஒன்றில் டிரெய்னியாக ஒரு வருஷம் இருங்கள். சம்பளம் சொற்பமாக இருக்கும், அதை ஒரு வருஷப் படிப்பாக நினைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆஸ்பத்திரிப் பயிற்சில நிஜமா என்னதான் செய்வாங்க? சும்மா சுத்திப் பாக்கிறதா?

முதல் வாரம் சுற்றிப் பார்ப்பதுதான், அதில் தப்பில்லை. பிறகு சீனியர் டெக்னீஷியன் பின்னால் ஓடுவீர்கள். காலையில் இரவுப் புகார்ப் புத்தகத்தைப் பார்ப்பது, ஐசியு ரவுண்ட்ஸ், பிறகு அந்த மாதத்துப் பிஎம் பட்டியல், அதாவது கெடாமல் இருக்கச் செய்யும் முறைப் பராமரிப்பு. இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை அனலைசரில் மாட்டி 200 ஜூல் வைத்து அழுத்தினால் 170-லிருந்து 230-க்குள் வருகிறதா, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா, சிரிஞ்ச் பம்ப் மணிக்கு 5 மில்லி என்று வைத்தால் அவ்வளவுதான் தள்ளுகிறதா, இப்படி. ஸ்டிக்கர் ஒட்டுவீர்கள், ரிஜிஸ்டரில் எழுதுவீர்கள். நடுவே போன் அடிக்கும், ஓடுவீர்கள்.

அந்த ஓட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு வார்டில் ஏழாம் படுக்கை மானிட்டரில் ஈசிஜி கோடு சாயங்காலமானால் ரம்பம் மாதிரி பல்லைக் காட்டும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்று பார்த்ததுமே தெரிந்தது, படித்திருக்கிறேன் அல்லவா. கேபிளை மாற்றினேன். மறுநாள் திரும்ப அதேதான். எலக்ட்ரோடை மாற்றினேன், மானிட்டரையே மாற்றினேன், எர்த்தை அளந்தேன், எல்லாம் சரி. மூன்றாம் நாள் டியூட்டியில் இருந்த சீனியர் சிஸ்டர், "தம்பி, பெட்டைச் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, சரியாயிடும்" என்றார். தள்ளினோம், கோடு சுத்தமாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மாடியின் மின்பலகையும் தடித்த கேபிள்களும். சாயங்காலம் பார்வையாளர்கள் வந்து உட்கார இடம் வேண்டி, படுக்கையைச் சுவரோடு தள்ளிவிடுவார்கள். சிஸ்டருக்கு ஹெர்ட்ஸ் தெரியாது, படுக்கையைத் தெரியும். நான் மூன்று நாளில் ஒருமுறைகூட அவரிடம் கேட்கவில்லை.

7. எந்தெந்த டிபார்ட்மென்ட்ல எவ்வளவு நாள் இருக்கணும்?

ஐசியு, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், ரேடியாலஜி, லேப், சிஎஸ்எஸ்டி, மருத்துவ வாயு அறை, இவை எல்லாமே வேண்டும். எல்லோரும் எம்ஆர்ஐ பக்கம் ஓடுவார்கள், அங்கே கம்பெனி ஆள் வராமல் மூடியைக்கூடத் திறக்க முடியாது. நான் சொல்வது, முதலில் ஐசியுவில் அதிக நாள், பிறகு தியேட்டர். ஒரே படுக்கையைச் சுற்றி மானிட்டர், வென்டிலேட்டர், நான்கைந்து பம்ப், சக்‌ஷன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிற இடம் வேறெங்கும் கிடைக்காது.

சிஎஸ்எஸ்டியை, அதாவது கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவை, யாரும் மதிப்பதில்லை. ஒரு ஆட்டோகிளேவ் நின்றால் மறுநாள் காலை ஆபரேஷன் பட்டியல் முழுவதும் நிற்கும் என்று அனுபவித்த பிறகு மதிப்பார்கள்.

8. ஓ.டி.க்குள்ள விடுவாங்களா? எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும்...

விடுவார்கள், உடை மாற்றி, தொப்பி மாஸ்க் போட்டு, எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நிற்க வேண்டும். பச்சைத் துணி விரித்த எதையும் தொடாதீர்கள், அதன் பக்கத்தில்கூடப் போகாதீர்கள். மயக்கம் வருவது வெட்கப்படும் விஷயமில்லை, முதல் நாள் டாக்டர் மாணவர்களுக்கே வரும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தலை சுற்றினால் சொல்லிவிட்டுச் சுவரோரம் தரையில் உட்காருங்கள். ஸ்டெரைல் டிராலி மேல் விழுந்தீர்கள் என்றால்தான் பிரச்சினை. இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது.

போகும் முன்பு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

9. பயிற்சிக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன படிச்சிட்டு வரணும்?

உடலியங்கியல் கொஞ்சம், மின் பாதுகாப்பு நன்றாக. மின் பாதுகாப்பை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டில் ஷாக் அடிப்பதும் ஐசியுவில் ஷாக் அடிப்பதும் ஒன்றல்ல. தோல் வழியாக 1 மில்லி ஆம்பியர் போனால் லேசாகச் சுருக்கென்று தெரியும். இதயத்துக்குள் கம்பியோ கதீட்டரோ போயிருக்கும் நோயாளிக்கு அதில் பத்தில் ஒரு பங்கே இதயத்தை நடுங்கவைத்து நிறுத்தப் போதும், அவருக்கு எதுவும் உறைக்கக்கூட உறைக்காது. அதனால்தான் ஐஇசி 60601 தரநிலையில் இதயத்தோடு நேரடியாக இணையும் சிஎஃப் வகைப் பாகத்துக்குச் சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், மற்ற பி, பிஎஃப் வகைகளுக்கு 100 என்று கசிவு வரம்பு வைத்திருக்கிறார்கள். கருவி மேல் ஒட்டியிருக்கும் இதயப் படம், மனித உருவப் படம் எல்லாம் அழகுக்கு இல்லை, அந்த வகையைச் சொல்பவை. எங்களிடம் வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இது தெரிவதில்லை.

இன்னொன்று, மூன்று பின் பிளக்கில் எர்த் பின் உடைந்ததை அப்படியே செருகிவைத்திருப்பார்கள், மெஷின் ஓடும், யாருக்கும் தெரியாது. வார்டுக்குள் நுழைந்ததும் பிளக்குகளைப் பார்க்கிற கண் வந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

10. ஏஎம்சி, சிஎம்சி ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? இன்டர்வியூல கேட்டாங்க, முழிச்சேன்.

இரண்டும் கருவிப் பராமரிப்பு ஒப்பந்தங்கள். ஏஎம்சி என்றால் கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார், கூலி அதில் அடக்கம், உதிரிபாகத்துக்குத் தனிக் காசு. சிஎம்சி என்றால் பாகமும் சேர்த்து. (வேலூர் ஆஸ்பத்திரிக்கும் அதே பெயர்தான். "சிஎம்சி முடிஞ்சுபோச்சு" என்று போனில் சொல்லி ஒரு புதுப் பையனைக் கலங்கடித்திருக்கிறோம்.)

இதோடு நின்றால் இன்டர்வியூ பதில். வேலைக்கான பதில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். எக்ஸ்ரே டியூப், அல்ட்ராசவுண்ட் புரோப், ஆக்சிஜன் சென்சார், பேட்டரி இதெல்லாம் சிஎம்சியில் சேருமா சேராதா? பல ஒப்பந்தங்களில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பாகம்தான் 'இதில் அடங்காது' பட்டியலில் இருக்கும். வாங்கும்போதே, பத்து வருஷத்துக்கு இதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கிய பிறகு பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

11. சட்டதிட்டம் எல்லாம் இன்ஜினியர் எதுக்குப் படிக்கணும்?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இன்ஸ்பெக்‌ஷன் வரும் வரைக்கும். மருத்துவக் கருவி விதிகள் 2017, அதில் ஏ, பி, சி, டி என்று ஆபத்தின் அளவுப்படி நான்கு வகுப்பு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் பி, வென்டிலேட்டர் சி, 3-ஆம் கேள்வியில் சொன்ன இதய வால்வு டி. 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி 'மருந்து' என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. வாங்கும் பொருளுக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்க்க இது தெரிய வேண்டும்.

எக்ஸ்ரே, சி.டி., கேத் லேப் இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தரச் சோதனை, வாங்கிய கதிர்வீச்சை அளக்க ஊழியர்கள் நெஞ்சில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ். அந்தப் பேட்ஜைச் சிலர் மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருப்பார்கள், டிராயருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும்.

12. டாக்டருங்க நம்மள மதிப்பாங்களா? மெக்கானிக் மாதிரி நடத்துறாங்கன்னு அண்ணன் சொன்னான்.

அண்ணன் பொய் சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் "ஏம்ப்பா, இதைப் பாரு" என்பதுதான் அழைப்பு. மாறுவது எப்போது என்றால், மெஷினை மட்டும் பார்க்காமல் அவர் என்ன செய்ய முயல்கிறார் என்று நீங்கள் கேட்கும்போது. மயக்க மருந்து டாக்டரிடம், "சார், குழந்தைக்கு இந்த மோடில் டைடல் வால்யூம் சரியாக வரலைன்னு சொன்னீங்க, எந்த சர்க்யூட் போட்டிருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த முறை அவரே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு உடலியங்கியல் தெரிந்திருக்க வேண்டும், மேற்படிப்பில் அந்தத் தாளைத் தூங்கிக் கழித்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

நர்ஸ்களின் மதிப்பைச் சம்பாதிப்பது இதைவிட முக்கியம். ஏன் என்பதற்கு ஏழாம் படுக்கை.

13. பொண்ணுங்களுக்கு இந்த வேலை சரிப்படுமா? நைட் டியூட்டி இருக்குமே?

இதைப் பெண்கள் கேட்பதில்லை, அவர்கள் அப்பாக்கள் கேட்கிறார்கள். பயோமெடிக்கல் வகுப்பில் பெண்கள்தான் நிறைய இருக்கிறார்கள், எங்கள் துறையிலும் அப்படியே. இரவு வேலை உண்டு, அதே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான நர்ஸ்களும் டாக்டர்களும் அதே இரவு வேலையில் இருப்பார்கள்.

14. கம்பெனில சர்வீஸ் இன்ஜினியரா போறது நல்லதா, ஆஸ்பத்திரியா? சம்பளம் எங்க ஜாஸ்தி?

சம்பளம் கம்பெனியில்தான். அதை மறைப்பதற்கில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் தொடக்கச் சம்பளம் உங்கள் ஐடி நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. கம்பெனியில் ஒரே வகைக் கருவியை ஆழமாகக் கற்பீர்கள், பைக்கிலும் பஸ்ஸிலும் நான்கு மாவட்டம் சுற்றுவீர்கள், டார்கெட் இருக்கும். ஆஸ்பத்திரியில் நூறு வகைக் கருவியை ஓரளவு கற்பீர்கள், ஒரே இடம், ஆனால் எதற்கும் உங்களைத்தான் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு விருப்பமிருந்தால் கம்பெனி. இங்கே இருந்து அங்கே போனவர்கள் நன்றாக வருகிறார்கள், ஏனென்றால் எதிரில் நிற்கிற சிஸ்டர் ஏன் கத்துகிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

15. அரசு வேலை உண்டா?

உண்டு, கொஞ்சம். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கிக்கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-இல் தொடங்கியது. தேசிய அளவில் தேசிய நலவாழ்வு இயக்கம் 2015-இல் கருவிப் பராமரிப்புக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது, மாவட்ட ஆஸ்பத்திரியில் கருவிகள் 95 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பல மாநிலங்களில் அந்த வேலை ஒப்பந்த நிறுவனங்களிடம் போய்விட்டது, ஆக அரசு ஆஸ்பத்திரியில் வேலை, சம்பளம் தனியார் என்றும் அமையலாம். விளம்பரத்தைச் சரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

16. வெளிநாட்டுல இந்தப் படிப்பு எப்படி இருக்கும்? எங்க போறது நல்லது?

மூன்று நாட்டு முறையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்போடு இரண்டு ஆண்டு ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப்பைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். வகுப்பு கொஞ்சம், ஆஸ்பத்திரி அதிகம், அங்கே தனியாகப் பொறுப்பும் தருவார்கள். பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் அறிவியலாளர் பயிற்சித் திட்டம், மூன்று வருஷம், சம்பளத்தோடு வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டம், முடித்தால் கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்று பதிவு செய்துகொள்ளலாம். போட்டி கடுமையாக இருக்கும்.

ஜப்பான் கதையே வேறு. அங்கே 1987-இல் இதற்கெனத் தனிச் சட்டம் போட்டுத் தேசிய உரிமம் கொண்டுவந்தார்கள். உரிமம் பெற்றவர் டாக்டரின் ஆணைப்படி டயாலிசிஸ் மெஷினையும் இதய அறுவையின்போது ஹார்ட் லங் மெஷினையும் தானே இயக்குகிறார். நம் ஊரில் டயாலிசிஸ் டெக்னீஷியன், பெர்ஃப்யூஷனிஸ்ட், பயோமெடிக்கல் இன்ஜினியர் என்று மூன்று பேர் செய்வதை அங்கே ஒரே உரிமம் அனுமதிக்கிறது. அதனால் 'கிளினிக்கல் இன்ஜினியர்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் வேலைக்கு இன்னொரு நாட்டிலிருந்து விண்ணப்பிக்காதீர்கள்.

17. இந்தியாவுல லைசென்ஸ் மாதிரி ஏதாவது வேணுமா? சிசிஇ எழுதலாமா?

டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருக்கும் கவுன்சில் பதிவு மாதிரி நமக்கு இல்லை. இது பெரிய குறை, யார் வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று ஆகிறது. சிசிஇ என்பது அமெரிக்காவிலிருந்து வரும் கிளினிக்கல் இன்ஜினியர் சான்றிதழ், எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு, அனுபவ ஆண்டுகளும் கேட்பார்கள். படித்து முடித்த கையோடு அதற்கு ஓட வேண்டாம். இங்கே இன்டர்வியூவில் அதைவிட, உங்கள் கையால் செய்த வேலைகளின் நோட்டுப் புத்தகம் எடுபடும்.

18. தீசிஸுக்கு என்ன எடுக்கலாம்? எல்லாரும் ஏஐ எடுக்கிறாங்க.

எடுக்கட்டும். எங்களிடம் வந்த ஒரு பெண், ஒரே வார்டின் இன்ஃப்யூஷன் பம்ப் புகார்களை மட்டும் எடுத்து, எத்தனை நிஜக் கோளாறு, எத்தனை 'பரிசோதித்தோம், கோளாறு இல்லை' என்று பிரித்தாள். கோளாறு இல்லாதவைதான் அதிகம். அவற்றில் பெரும்பகுதி, டியூபில் இருக்கும் ரோலர் கிளாம்பைத் திறக்காமல் பம்பை ஓட்டி, அடைப்பு அலாரம் அடித்துக் கூப்பிட்டவை. இரவுப் பணி மாறும் நேரத்தில் குவிந்திருந்தன. இதற்கு விலை உயர்ந்த ஆய்வகம் வேண்டியதில்லை, பழைய ரிஜிஸ்டரும் பொறுமையும் போதும். நோயாளி விவரம் கலந்தால் மட்டும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், முதல் நாளே விண்ணப்பியுங்கள்.

19. அலாரம் தொல்லையா இருக்கு, ஆஃப் பண்ணிக் கொடுங்கன்னு ஐசியுல கேட்டா என்ன செய்யறது?

பயிற்சியில் இருப்பவர் அலாரத்தில் கை வைக்கவே கூடாது, இது முதல் பதில். இரண்டாவது, அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர் எப்போதும் ரத்தத்தில் 88 சதவீத ஆக்சிஜனிலேயே இருப்பார், வரம்பு 90-இல் இருந்தால் அலாரம் நாள் முழுவதும் அலறும், பிறகு பக்கத்துப் படுக்கையில் நிஜமாக அலறும்போதும் யாரும் திரும்ப மாட்டார்கள். வரம்பை எவ்வளவு வைப்பது என்பது டாக்டர் முடிவு, கேஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும். நம் வேலை, காய்ந்துபோன எலக்ட்ரோடு, விரலில் நழுவுகிற புரோப், நெயில் பாலிஷ் இவற்றால் வரும் பொய் அலாரங்களைக் குறைப்பது. பாக்கெட்டைப் பிரித்துப் போன வாரத்திலிருந்து திறந்தே வைத்திருக்கும் எலக்ட்ரோடுகளைத் தூக்கிப்போடச் சொன்னாலே பாதிச் சத்தம் அடங்கும்.

20. ஒரு நோயாளிக்கு மெஷினால காயம் ஆயிடுச்சுன்னா? நாம மாட்டுவோமா?

தயங்கித் தயங்கித்தான் இதைக் கேட்பார்கள். முதலில் நோயாளியைக் கவனிக்க டாக்டரும் நர்ஸும் இருக்கிறார்கள், அவர்கள் வழியில் நிற்காமல் மாற்றுக் கருவியைக் கொண்டுவந்து கொடுங்கள். அடுத்து, அந்த மெஷினில் எதையும் திருகாதீர்கள். திரையில், குமிழ்களில் இருக்கும் அமைப்புகளைப் போட்டோ எடுங்கள், நேரத்தை எழுதுங்கள், மெமரி இருந்தால் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 'பயன்படுத்தக் கூடாது' என்று அட்டை கட்டி அறையில் பூட்டுங்கள். கம்பெனி ஆள் ஓடிவந்து "நான் திறந்து பார்த்துச் சொல்றேன் சார்" என்பார், தனியாகத் திறக்க விடாதீர்கள். நாடு முழுவதும் இப்படிச் சம்பவங்களைப் பதிய 2015-இல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலென்ஸ் திட்டம் இருக்கிறது, காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. அதில் புகார் கொடுப்பது யாரையும் மாட்டிவிட இல்லை, அதே மாடல் இன்னொரு ஊரில் இன்னொருவரைச் சுடாமல் இருக்கத்தான்.

பலர் மறப்பது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாகங்களை. ஒருமுறை காட்டரி, அதாவது மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி, போட்ட நோயாளிக்குத் தொடையில் அந்த மின்சாரம் திரும்பிப் போக ஒட்டும் பிளேட் இருந்த இடத்தில் சிவந்து கொப்பளம் வந்துவிட்டது. மெஷினைச் சோதித்தோம், எல்லா அளவும் சரி. அப்படியென்றால் பிளேட்டைத்தான் பார்க்க வேண்டும், ஜெல் காய்ந்திருந்ததா, ஒரு மூலை தூக்கியிருந்ததா, காலாவதித் தேதி என்ன, பாக்கெட்டில் லாட் எண் என்ன. தியேட்டரைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் கட்டி அனுப்பியாகிவிட்டது. இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு, நானும் ஒரு டிரெய்னியும் கீழே கழிவு வைக்கும் அறையில் பை பையாகப் பிரித்துத் தேடினோம். பிளேட் நான்காவது பையில் கிடைத்தது. அன்று இரவு அந்தப் பையன் வீட்டுக்குப் போன் செய்து, "அப்பா, நீங்க சொன்ன வேலையேதான் இன்னைக்குப் பார்த்தேன்" என்றானாம்.